கேம்பர்வேனில் பிரெஞ்சுக் கடற்கரை: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடந்த வசந்தத்தில், மார்ச் கடைசி வாரம் புறப்பட்டு 24 நாள், நானும் என் வீட்டுக்காரரும் படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கும் ஒரு வாடகைக் கேம்பர்வேனில் பிரான்ஸின் மேற்குக் கடலோரமாகப் போய்வந்தோம். வடக்கே சோம் விரிகுடாவில் தொடங்கி, தெற்கே பிலா மணல்மேட்டில் முடித்தோம். நாங்கள் புதுச்சேரிக்காரர்கள். பாரிஸுக்கு வெளியே குடியேறி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. திரும்பி வந்ததிலிருந்து சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் மாறி மாறிக் கேட்பதெல்லாம் ஒரே பதினாறு கேள்விகள்தான். ஆளாளுக்குக் குரல் பதிவு அனுப்பித் தொண்டை கட்டிவிட்டதால் எழுதியே வைத்துவிட்டேன்.

கோடையில் போகாமல் ஏன் வசந்தத்தில் போனீர்கள்?

ஜூலை, ஆகஸ்டில் பிரான்ஸே கடற்கரையில்தான் இருக்கும். வாடகை ஏறக்குறைய இரட்டிப்பு, நிறுத்துமிடங்கள் மதியத்துக்குள் நிரம்பிவிடும். ஏப்ரலில் பாதிக் கடைகள் பூட்டியிருக்கும், காற்று ஆளைத் தள்ளும், ஆனால் இடம் கிடைக்கும். மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவதால் இரவு எட்டரை வரை வெளிச்சம். வேலியெங்கும் கோர்ஸ் என்ற முட்புதர் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது. வெயில் பட்டால் அதிலிருந்து தேங்காய் வாசனை வரும். முதல் நாள் நான் வண்டிக்குள் எண்ணெய் பாட்டில் கொட்டிவிட்டதோ என்று தேடினேன்.

எச்சரிக்கை ஒன்று. ஏப்ரலில் பள்ளி விடுமுறை மூன்று மண்டலமாகப் பிரித்து வரும், ஈஸ்டரும் அதை ஒட்டி வரும். மே மாதத்தில் 1, 8 தேதிகள் விடுமுறை, போதாததற்கு அசென்ஷன் வியாழன். அந்த நீண்ட வார இறுதிகளில் கடற்கரை கோடைபோலவே இருக்கும்.

என்ன பாதை? எத்தனை கிலோமீட்டர்?

சோம் விரிகுடா, எத்ரெதா, ஓன்ஃப்ளர், அரோமான்ஷ், மோன் சான்-மிஷேல், கான்கால், சான்-மாலோ, ப்ளூமனாக், ரோஸ்கோஃப், புவாந்த் து ரா, கர்நாக், கெராந்த், நுவார்மூத்தியே, லா ரொஷெல், ருவாயான், கடைசியாக பிலா. வீடு திரும்பியதையும் சேர்த்து 2,300 கிலோமீட்டர் சொச்சம்.

இது அதிகம். 24 நாளுக்கே அதிகம். இரண்டு வாரம்தான் லீவு என்றால் வடமேற்கு முனையான பிரெத்தாஞ்ஞ் (பிரிட்டனி) பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வரைபடத்தில் 60 கிலோமீட்டர் என்று தெரிவது கடலோரச் சாலையில் இரண்டு மணி நேரம். நடுவில் ஒரு கலங்கரை விளக்கம், ஒரு ரொட்டிக் கடை, "அந்தப் பாறையைப் பார்த்துவிட்டுப் போகலாமே" எல்லாம் சேர்ந்தால் அரைநாள். ஒரே நாளில் 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய மூன்று நாளும் எனக்கு என்ன பார்த்தோம் என்றே நினைவில்லை.

கடலைப் பார்த்தபடி எங்கே வேண்டுமானாலும் நிறுத்தித் தூங்கலாமா?

முடியாது. படங்களில் பார்ப்பதை நம்பி வராதீர்கள்.

பிரெஞ்சுச் சட்டத்தில் "நிறுத்துவது" வேறு, "முகாமிடுவது" வேறு. சாதாரண வண்டி நிறுத்தலாம் என்ற இடத்தில் கேம்பர்வேனும் நிற்கலாம், உள்ளே நீங்கள் தூங்கினாலும் அது நிறுத்துவதுதான். ஆனால் வெளியே நாற்காலி போட்டாலோ, பக்கவாட்டுப் பந்தலை இழுத்துவிட்டாலோ, சக்கரத்துக்கு அடியில் மட்டக்கட்டை வைத்தாலோ முகாம் என்று ஆகிவிடும். கடற்கரையை ஒட்டி அனுமதியில்லாமல் முகாமிடத் தடை. இதற்கு மேல் ஒவ்வொரு ஊராட்சியும் தன் பங்குக்கு இரவு பத்து முதல் காலை எட்டு வரை கேம்பர் நிற்கக் கூடாது என்று பலகை வைத்திருக்கும். மணல்மேட்டிலும் கடற்கரை மணலிலும் வண்டியை இறக்குவது அடியோடு கூடாது.

அதனால் இரவுக்கு மூன்று வழி. ஒன்று, "எய்ர் த காம்பிங்-கார்" என்று ஊராட்சிகளே கேம்பர்களுக்கென்று ஒதுக்கும் இடம். பெரும்பாலும் ஒரு தார்த்தளம், ஒரு தண்ணீர்க் குழாய், கழிவு ஊற்ற ஒரு சல்லடைக் குழி. நாங்கள் கொடுத்தது இரவுக்கு 8 முதல் 15 யூரோ. இரண்டாவது, முகாம்தளம். அதில் ஊராட்சி நடத்தும் "காம்பிங் முனிசிபால்" மலிவு, ஆனால் பல இடங்களில் ஏப்ரலில்தான் கதவைத் திறப்பார்கள். ஆக்சி கார்டு வாங்கிவைத்தால் சீசன் இல்லாத மாதங்களில் இரண்டு பேருக்கு நல்ல தள்ளுபடி. மூன்றாவது எனக்குப் பிடித்தது. ஃபிரான்ஸ் பாசியோன் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. வருஷச் சந்தா கட்டினால் விவசாயிகளும் திராட்சைத் தோட்டக்காரர்களும் தங்கள் நிலத்தில் ஒரு இரவு இலவசமாக நிறுத்த விடுவார்கள். எதுவும் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் சிட்ரு என்ற ஆப்பிள் மது ஒரு பாட்டில் வாங்காமல் எழுந்து வர எங்களுக்கு மனசு வரவில்லை.

பார்க்4நைட் செயலியில் நிறுத்துமிடங்களைத் தேடலாம். நட்சத்திரங்களை மட்டும் பார்த்துப் போகாமல், கடைசியாக எழுதப்பட்ட குறிப்பின் தேதியைப் பாருங்கள். பனிக்காலத்தில் குழாய் வெடிக்காமலிருக்கத் தண்ணீரை அடைத்துவிடுவார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் நான்கு ஊரில் குழாயைத் திருகினோம், காற்றுகூட வரவில்லை.

வண்டி எவ்வளவு பெரியது? ஓட்டப் பயமாக இல்லையா?

ஆறு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் குறைவு, உயரம் 2.65 மீட்டர், மொத்த எடை 3.5 டன்னுக்குள். அதனால் சாதாரண கார் உரிமமே போதும், வேக வரம்பும் காருக்கு உள்ளதே. அகலம் பழகிவிடும், உயரம்தான் பழகாது. கடற்கரை நிறுத்துமிடங்களின் வாசலில் இரண்டு மீட்டர் உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பி தொங்கும். கேம்பர்களைத் தடுக்கவே வைத்தது. எத்ரெதாவுக்கு அருகே ஒரு ஊரில் அவர் கடலைப் பார்த்துக்கொண்டே திரும்பினார். நான் "கம்பி!" என்று கத்தினேன். அவர் "என்ன தம்பி?" என்றார். ஒரு முழத்துக்கு முன்னால் நின்றது வண்டி. அன்று மாலையே 2.65 என்று பெரிதாக எழுதி ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டினேன்.

இன்னொன்று, வலப்பக்க முன்னுரிமை. கிராமத்துக்குள் எந்தப் பலகையும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கச் சந்திலிருந்து வருகிறவருக்குத்தான் முதல் உரிமை. சந்து எவ்வளவு குறுகலாக இருந்தாலும் அப்படித்தான்.

சுங்கச்சாவடிக் கட்டணம் அதிகமா?

உயரத்தைப் பொறுத்தது. இரண்டு மீட்டருக்குக் கீழ் முதல் வகுப்பு, இரண்டு முதல் மூன்று மீட்டர் வரை இரண்டாம் வகுப்பு. எங்களுடையது இரண்டாவது. பிரெத்தாஞ்ஞில் சுங்கமே கிடையாது. நோர்மாந்திக்குப் போகும் ஏ13 நெடுஞ்சாலையில் இப்போது சாவடியே இல்லை. கேமரா எண்ணைப் படித்துக்கொள்ளும், நாமாக 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் கட்டிவிட வேண்டும். சாவடி இல்லையே, இலவசம்போல என்று சந்தோஷப்பட்ட நண்பர் ஒருவருக்கு அபராதக் கடிதம் வந்தது.

நோர்மாந்திப் பாலத்துக்குக் கட்டணம் உண்டு. 1995-இல் திறந்தது, நடுத்தாவு மட்டும் 856 மீட்டர். காற்றடிக்கும் நாளில் உயரமான வண்டியோடு அதில் ஏறினால் ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கும். சான்-நசேர் பாலம் இலவசம்.

ஓதம், ஓதம் என்று எல்லாவற்றுக்கும் அதையே சொல்கிறீர்களே, அப்படி என்ன?

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். ஓதம் என்றால் கடல்நீர் தினமும் ஏறி வற்றுவது. புதுச்சேரிக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் ஒரு மீட்டர் அளவுதான் வித்தியாசம். கடல் என்றால் இருக்கிற இடத்தில் இருக்கும் என்பது எங்கள் நினைப்பு. மோன் சான்-மிஷேல் விரிகுடாவில் பெரிய ஓத நாட்களில் அந்த வித்தியாசம் 14 மீட்டருக்கு மேல், அதாவது நான்கு மாடி உயரம். காலையில் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கும் துறைமுகத்துக்கு மாலையில் போனால் அதே படகுகள் நம் கண்மட்டத்தில் ஆடிக்கொண்டிருக்கும்.

பிரெஞ்சுக்காரர்கள் ஓதத்தின் வலிமையை ஒரு எண்ணால் சொல்கிறார்கள். 20 முதல் 120 வரை. 70 என்றால் நடுத்தரம், 100-ஐத் தாண்டினால் பெரிய ஓதம். அமாவாசை, பௌர்ணமிக்கு ஒன்றரை நாள் கழித்து அது உச்சத்துக்குப் போகும். மார்ச், செப்டம்பர் மாதங்களில், பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி, எல்லாவற்றையும்விடப் பெரியது வரும். வசந்தத்தில் போவதற்கு என்னைக் கேட்டால் இதுவே முதல் காரணம். அட்டவணைச் சிறுபுத்தகம் கடலோரப் பத்திரிகைக் கடைகளில் கிடைக்கும். அதில் கோடை நேரம் சேர்த்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சேர்க்காத அட்டவணை என்றால் ஒரு மணி நேரம் பிசகும்.

ஏற்றத்திலிருந்து வற்றுக்கு ஆறு மணி நேரம் சொச்சம். ஆனால் தண்ணீர் ஒரே சீராக ஏறாது. முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, ஒன்று. மீனவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் கணக்கு. "இப்போதுதானே ஏற ஆரம்பித்தது, நேரம் இருக்கிறது" என்று சிப்பி பொறுக்கிக்கொண்டு நிற்பவர்கள் மாட்டிக்கொள்வது மூன்றாவது மணியில்தான்.

மோன் சான்-மிஷேலுக்குப் பௌர்ணமியை ஒட்டிப் போய்ச் சேர்ந்தோம். வண்டியைக் கரையிலேயே, இரண்டரை கிலோமீட்டர் முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும், அங்கிருந்து ஷட்டில். நாங்கள் நடந்தோம். தூணில் நிற்கும் அந்தப் பாலம் 2014-இல் திறந்தது. அதற்கு முன்பிருந்த மேட்டுப்பாதை தண்ணீரை மறித்துக் குன்றைச் சுற்றி வண்டல் சேர்த்ததால், அதை எடுத்துவிட்டுப் பாலம் போட்டார்கள். சூரியன் மறையும் நேரத்துக்கு ஏற்றம் என்று அட்டவணை சொன்னது. ஏழு மணிக்கு எங்கும் சாம்பல் நிறச் சேறு. பிறகு தொலைவில் ஒரு வெள்ளைக் கோடு. சத்தம் முதலில் வரவில்லை, கோடுதான் வந்தது. அது பக்கத்தில் வந்தபிறகுதான், அரிசி களைவதுபோல ஒரு ஓசை. அரை மணி நேரத்தில் சேறு இருந்த இடமெல்லாம் தண்ணீர். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வீட்டுக்காரர் பேசாமல் இருப்பது சாதாரண விஷயம் இல்லை.

சான்-மாலோவில் கிராண்ட் பே என்ற குட்டித் தீவுக்கு வற்று நேரத்தில் நடந்தே போகலாம், எழுத்தாளர் ஷத்தோபிரியாங் அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார். நேரம் தப்பினால் அடுத்த வற்று வரை அவருக்குத் துணையிருக்க வேண்டியதுதான். அந்த ஊரை ஒட்டியே ரான்ஸ் ஆற்று முகத்தில் ஓதத்தால் மின்சாரம் எடுக்கும் நிலையம் இருக்கிறது. 1966-இல் தொடங்கியது, 24 விசையாழிகள், 240 மெகாவாட். அதன் அணைமேல்தான் சாலையே போகிறது. படகுக்காகப் பாலத்தைத் தூக்கினார்கள், நாங்கள் கால் மணி நேரம் நின்றோம், பின்னால் நின்றவர் இறங்கிவந்து எங்கள் சாம்பார் வாசனையைப் பற்றி விசாரித்தார்.

நுவார்மூத்தியே தீவுக்குப் பாலம் இருக்கிறது. அதற்கு முன் காலங்காலமாக இருந்த வழி "குவா". கடலடியில் கல் பாவிய நான்கு கிலோமீட்டர் சாலை, ஒரு நாளில் இரண்டு முறை முழுகும். வற்று நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னும் பின்னும் மட்டும் போகலாம். மாட்டிக்கொண்டவர்கள் ஏறி நிற்க நடுநடுவே உயரக் கம்பங்கள் வைத்திருக்கிறார்கள். 1999-இல் தூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் இதன்மேல் போனபோது பாசி வழுக்கி ஒரு கூட்டமே சரிந்து விழுந்தது. எங்கள் வாடகை ஒப்பந்தத்தில் கடல்நீர் படும் சாலை கூடாது என்று இருந்ததால் கரையில் வண்டியை விட்டுவிட்டு ஒரு கிலோமீட்டர் நடந்து திரும்பினோம். அவருக்கு அது இன்னும் மனக்குறை.

கழிவறை?

எல்லாரும் கேட்க நினைத்துக் கடைசியில் குரல் தாழ்த்திக் கேட்பது. வண்டிக்குள் கேசட் கழிவறை உண்டு. அடியில் சுமார் 18 லிட்டர் பெட்டி, வெளிப்பக்கக் கதவைத் திறந்து உருவி, சக்கரம் வைத்த பெட்டிபோல இழுத்துப் போய் அதற்கான குழியில் கொட்ட வேண்டும். இரண்டு பேருக்கு இரண்டு நாள், கூடினால் மூன்று. சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் "இன்னும் ஒரு தடவை தாங்கும்" என்று சொல்கிற ஆளை நம்பாதீர்கள். கொட்டும் வேலை அவருடையது என்று புறப்படும் முன்பே எழுதாத ஒப்பந்தம். பாத்திரம் கழுவிய தண்ணீருக்குத் தனித் தொட்டி, அதையும் குழியில்தான் விட வேண்டும். சாலையோரச் சாக்கடையில் திறந்துவிடுகிறவர்களால்தான் ஊருக்கு ஊர் கம்பி முளைக்கிறது.

சமையலுக்கு என்ன செய்தீர்கள்? நம்ம சாப்பாடு கிடைக்குமா?

கடலோர ஊர்களில் எதிர்பார்க்காதீர்கள். புறப்படும் முன் பாரிஸ் லா ஷாப்பேலில் தமிழ்க் கடைகளில் வாங்கியது 24 நாளுக்கும் வந்தது. புளி, ரசப்பொடி, அப்பளம். மற்றபடி அரிசி, தேங்காய்ப்பால், மைசூர் பருப்பு எல்லாம் எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் உண்டு. பருப்பை "லான்தி கொராய்" என்று கேளுங்கள்.

அடுப்பு இரண்டு பர்னர். மின்சாரம் கூரைப் பலகையிலிருந்தும் ஒரு பேட்டரியிலிருந்தும் வருவதால் ரைஸ் குக்கர், மிக்ஸி எல்லாம் முகாம்தளத்தில் செருகினால்தான். மூன்று லிட்டர் பிரஷர் குக்கர் ஒன்று எல்லாவற்றுக்கும் போதும். ஆனால் விசில் அடிக்கும்போது பக்கத்து வண்டிக்காரர்கள் எட்டிப்பார்ப்பார்கள், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். இட்லி மாவு அரைத்துக்கொண்டு போனேன். எட்டு டிகிரியில் அது புளிக்க மறுத்தது. ஹீட்டர் காற்று வரும் துளைக்கு முன்னால் துண்டு சுற்றி ஒரு இரவு வைத்தேன். காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியிருந்தது, வண்டியின் தரைவிரிப்பு வரை.

வெளியே சாப்பிட்டதில் பிரெத்தாஞ்ஞின் கலெத் எனக்கு ஆறுதல். பக்வீட் மாவைக் கரைத்து, "பிலிக்" என்ற வட்ட இரும்புக்கல்லில் ஊற்றி, மரத் தேய்ப்பானால் சுழற்றுவார்கள். நம்ம தோசைதான், புளிக்காதது. முட்டை, சீஸ், பன்றிக்கறி வைத்து மடிப்பது வழக்கம். கறி வேண்டாம் என்றால் "சான் ஜாம்போன்". அவர் கான்காலில் சிப்பி சாப்பிட்டார். துறைமுக ஓரக் கடையில் ஒரு டஜன் உடைத்து எலுமிச்சையோடு தட்டில் தருவார்கள், படிக்கட்டில் உட்கார்ந்து உறிஞ்சிவிட்டு ஓட்டைக் கீழே கரையில் எறிய வேண்டும். அதுவே ஒரு குன்று அளவுக்குக் கிடக்கிறது. சிப்பிக்கு எண் உண்டு. எண் சிறியதானால் சிப்பி பெரியது. இது தெரியாமல் அடக்கமாக இரண்டாம் எண் கேட்டு உள்ளங்கை அளவுக்கு வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை பல ரொட்டிக் கடைகள் மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமையே நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

குளிராக இருந்ததா? கேஸ் தீர்ந்துபோனால்?

பகலில் 12, 13 டிகிரி, இரவில் 5, 6. ஹீட்டர் இருந்தால் தாங்கும். கேஸில் இரண்டு வகை. பூட்டேன் பூஜ்யம் டிகிரிக்கு அருகே ஆவியாவதை நிறுத்திவிடும், புரோபேன் கடுங்குளிரிலும் வேலை செய்யும். வெளிப்புறப் பெட்டியில் வைக்கும் சிலிண்டர் என்பதால் வசந்தத்திலும் புரோபேனே கேளுங்கள். நாடு மாறினால் சிலிண்டரின் வாயும் மாறும். ரோஸ்கோஃபில் இரவு இரண்டு மணிக்குத் தீர்ந்தது. உபரி சிலிண்டர் இருந்தது, ஆனால் வாடகைக்காரர்கள் வைத்துவிட்ட குழாய் அதற்குப் பொருந்தவில்லை. வண்டியை வாங்கும்போதே இரண்டாவது சிலிண்டரையும் மாட்டிக் காட்டச் சொல்லியிருக்க வேண்டும். விடியும் வரை இருக்கிற ஸ்வெட்டரையெல்லாம் போட்டுக்கொண்டு, ரோஸ்கோஃபின் பிரசித்தி பெற்ற இளஞ்சிவப்பு வெங்காயச் சரத்துக்குப் பக்கத்தில் முடங்கினோம்.

காற்றடிக்கும் இரவில் வண்டியின் மூக்கைக் காற்றுக்கு எதிரே வைத்து நிறுத்துங்கள். பக்கவாட்டில் வாங்கினால் தொட்டில்தான்.

24 நாள் ஆறு மீட்டருக்குள். சண்டை வரவில்லையா?

வந்தது. பெரும்பாலும் பின்னால் எடுக்கும்போது. நான் இறங்கி நின்று கையைக் காட்டுவேன், அவர் கண்ணாடியில் என் தலையை மட்டும் பார்த்துவிட்டு "நீ வா என்கிறாயா, போ என்கிறாயா?" என்பார். ஐந்தாம் நாள் ஒரே ஒரு சைகை முடிவுசெய்தோம். இரண்டு கையும் மேலே என்றால் நில். அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

உள்ளே ஒருவர் நடந்தால் இன்னொருவர் உட்கார வேண்டும். ஒருவர் காபி போட்டால் இன்னொருவர் படுக்கையில். இதற்கு உடம்பு ஒரு வாரத்தில் பழகியது. பழகாதது மழை. புவாந்த் து ரா முனையில் மூன்று நாள் விடாமல் பெய்தது. இரண்டாம் நாள் மதியம் எங்களுக்குள் பேச எதுவும் மிச்சமில்லை. அவர் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு கடலோரப் பாதையில் இரண்டு மணி நேரம் நடக்கப் போனார். ஜிஆர்34 என்ற அந்தப் பாதை பிரெத்தாஞ்ஞைச் சுற்றி 2,000 கிலோமீட்டர். கள்ளக்கடத்தலைப் பிடிக்கச் சுங்கக் காவலர்கள் நடந்த தடம் அது. 1976 சட்டம் ஒன்று கடலோரத் தனியார் நிலத்திலும் மூன்று மீட்டர் அகலத்துக்கு நடப்பவர்களை விட வேண்டும் என்கிறது. யார் தோட்டத்தின் ஓரமாகவோ நடந்துவிட்டு நனைந்து திரும்பினார். நான் மிளகு ரசம் வைத்திருந்தேன். புருஷன் பெண்டாட்டிக்கு ஆளுக்கொரு இரண்டு மணி நேரம் தினமும் வேண்டும், அது வெளியேதான் கிடைக்கும்.

செலவு?

வண்டி வாடகை நாளுக்கு 85 யூரோ. டீசல் நூறு கிலோமீட்டருக்குப் பத்தரை லிட்டர் வீதம் சுமார் 240 லிட்டர். 23 இரவில் 6 முகாம்தளம், 12 கட்டண நிறுத்துமிடம், 5 இலவசம், எல்லாம் சேர்த்து 265 யூரோ அளவு. வாடகைதான் பெரிய அடி. ஓட்டல், ரயில் என்று கணக்குப் போட்டால் பெரிதாக மிச்சமில்லை, மலிவு என்று நினைத்து இதில் இறங்காதீர்கள்.

டீசலுக்கு இங்கே "கஸோல்" என்று பெயர், "எஸான்ஸ்" என்றால் பெட்ரோல். சூப்பர்மார்க்கெட் பம்புகள் மலிவு. ஆளில்லாப் பம்பில் கார்டைப் போட்டால் முதலில் நூறு யூரோவுக்கு மேல் பிடித்துவைத்துப் பிறகு விடுவிக்கும், பதறாதீர்கள்.

பார்த்ததில் எதை விடவே கூடாது?

ப்ளூமனாக். இளஞ்சிவப்புக் கருங்கல் பாறைகள் யாரோ அடுக்கி மறந்துபோனதுபோல. மாலை வெயிலில் போங்கள்.

கெராந்த் உப்பளம். வசந்தத்தில் உப்பு இருக்காது, அறுவடை ஜூனுக்கு மேல்தான். அதனாலேயே பார்க்கச் சொல்கிறேன். மழைக்காலத்துச் சேற்றை வழித்து, வரப்பைத் தட்டி, பாத்திகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டுகிறார்கள், எல்லாம் நீளக் கைப்பிடி மரப் பலகையால். மரக்காணத்து உப்பளத்தைக் கடந்து போய்வந்த எனக்கு அந்த வேலை புதிதில்லை. ஆனால் இங்கே களிமண் தரை என்பதால் உப்பு சாம்பல் நிறம். காற்று சாதகமான மாலையில் மேலே மெல்லிய ஆடை கட்டும், அதை மட்டும் தனியே வழித்து எடுப்பதுதான் "உப்புப் பூ" என்று கொள்ளை விலைக்கு விற்பது.

கர்நாக்கில் ஏறக்குறைய 3,000 நடுகற்கள் வரிசை வரிசையாக. 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஏப்ரலிலிருந்து வேலிக்குள் வழிகாட்டியோடுதான் போகலாம், மார்ச் வரை சும்மா நடக்கலாம். நாங்கள் தாமதமாகப் போய் வேலிக்கு வெளியே நின்றோம்.

கோல்வில்-சுர்-மேர் அமெரிக்கக் கல்லறையில் 9,000-க்கு மேல் வெள்ளைச் சிலுவைகள், கீழே 1944-இல் அமெரிக்கப் படை வந்திறங்கிய ஓமகா கரை. அரை மணி நேரம் என்று போய் மதியம் முழுக்க இருந்துவிட்டோம்.

எத்ரெதா அழகுதான். ஆனால் கூட்டம்.

தெற்கே போக போர்தோவைச் சுற்ற வேண்டுமா?

வேண்டாம். ருவாயானிலிருந்து ஜிரோந்த் முகத்துவாரத்தைக் கடக்கும் படகில் வண்டியோடு ஏறினால் அரை மணி நேரத்துக்குள் அக்கரை. பிலா மணல்மேடு நூறு மீட்டருக்கு மேல் உயரம், வசந்தம் முதல் படிக்கட்டு போடுகிறார்கள். மேலேயிருந்து ஒரு பக்கம் கடல், மறுபக்கம் 2022 தீயில் கருகிய பைன் காடு, அடியில் பச்சை தெரியத் தொடங்கியிருந்தது.

கடலில் குளித்தீர்களா?

தண்ணீர் 11 டிகிரி. அவர் முழங்கால் வரை. நான் படம் எடுத்தேன்.

இந்தியாவிலிருந்து வந்து வாடகைக்கு எடுக்கலாமா? பிரெஞ்சு தெரிய வேண்டுமா?

ஷெங்கன் விசா, இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதி. பெரும்பாலான வாடகைக்காரர்கள் உரிமம் எடுத்து சில ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும் என்பார்கள், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மொழி தெரியாவிட்டாலும் சமாளிக்கலாம். ஆனால் கடைக்குள் நுழைந்ததும் "போன்ஜூர்" சொல்லாமல் கேள்வியை ஆரம்பித்தால் பதில் வராது. மரியாதையில்லாத ஆள் என்று நினைத்துவிடுவார்கள்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது?

டீசல் நிரப்பி, கேசட்டைக் கழுவி, அழுக்குத் தண்ணீரைக் கொட்டி, உள்ளே பெருக்கிக் கொடுக்க வேண்டும். கேசட் கழுவாவிட்டால் தனிக் கட்டணம், அதுவும் கணிசமானது. நாங்கள் இரண்டு மணி நேரம் துடைத்தோம். சோதிக்க வந்த பையன் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, ஹீட்டர் துளைக்குப் பக்கத்தில் குனிந்து, காய்ந்துபோன இட்லி மாவை நகத்தால் சுரண்டி, இது என்ன சிமெண்டா என்று கேட்டான்.